வட்டத்துக்கு வெளியே விழுந்த குத்துகள்

என் நைனா தேசப்பன், கும்மிடிப்பூண்டிப் பக்கத்து ஊர்களில் பெரியம்மை வராமலிருக்க இருபத்தாறு வருடம் அம்மை குத்தினார். எங்கள் குடும்பத்தில் கூலி வேலைக்குப் போகாத முதல் ஆள் அவர்தான். போன மாதம், 1979 ஜனவரியில், இறந்துபோனார். அவருடைய தகரப் பெட்டியில் ஒரு ஊசி கிடைத்தது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அவர் கை நடுங்கும். சும்மா மடியில் வைத்திருந்தால் ஒன்றும் இருக்காது. டம்ளரை வாய்க்குக் கொண்டுபோகும்போதுதான் ஆடும். அம்மா டீயை முக்கால் டம்ளருக்கு மேல் ஊற்ற மாட்டார். ஆனால் அம்மை குத்தும்போது யாருக்கும் தெரிந்ததில்லை. அந்தக் காலத்துக் கருவி, பல் வைத்த சின்ன வட்டத் தகடு. தோலில் அழுத்தித் திருக வேண்டும். அழுத்தியதும் நடுக்கம் அடங்கிவிடும்.

1970இல் புது ஊசி வந்தது. முனை இரண்டாகப் பிளந்திருக்கும். மருந்தில் ஒருமுறை தோய்த்து, அரை சென்டிமீட்டர் வட்டத்துக்குள் பதினைந்து முறை மளமளவென்று குத்த வேண்டும். வலி குறைவு, மருந்தும் குறைவு. மற்றவர்கள் ஒரே காலையில் கற்றுக்கொண்டார்கள். நைனா ஊசியை வீட்டுக்குக் கொண்டுவந்தார். ஊர்களுக்குப் போக இன்னும் பத்து நாள் இருந்தது.

அவர் மகளான நான் பாலிடெக்னிக் முடித்து, எண்ணூரில் ஒரு ஆலையில் கருவிகளைச் சரிபார்க்கும் பிரிவில் சேர்ந்திருந்தேன். எதையும் அளந்து பார்ப்பதுதான் எனக்குத் தெரிந்த வழி. வெள்ளரிக்காயில் மையால் வட்டம் போட்டுக் கொடுத்தேன். நைனா குத்தினார். பதினைந்தில் எட்டு வெளியே. ஒப்பிடுவதற்காக நானும் குத்தினேன். ஏழு வெளியே. பெரிய வித்தியாசம் இல்லை என்று சந்தோஷப்பட்டேன்.

நான்காம் நாள் எனக்கு இரண்டு. அவருக்கு எட்டு. ஏழாம் நாள் எனக்கு ஒன்றுமில்லை. அவருக்கு ஏழு, மறுபடியும் எட்டு.

அப்போதுதான் பயம் பிடித்தது. நடுக்கத்துக்குப் பயப்படவில்லை, அது எங்களோடேயே வளர்ந்தது. தவறு குறையவில்லை என்பதுதான் பயம். குத்துகள் பெரும்பாலும் ஒரே பக்கம், இடது பக்கம், தள்ளி விழுந்தன. அது அவருக்கும் தெரிந்தது. "கொஞ்சம் இந்தாண்ட வச்சா சரியாப் பூடும்" என்று சொல்லிக்கொண்டே மறுபடி அங்கேயே குத்தினார்.

"பழசுக்கு இந்தக் கை சொன்ன பேச்சு கேட்டுச்சும்மா. இதுக்கு இன்னா சொன்னாலும் காதுல வாங்க மாட்டேங்குது."

"வெள்ளரிக்கா பூரா ஜல்லடையாட்டம் கீது, எப்டி கூட்டு வெக்கிறது?" என்றார் அம்மா. "புள்ளங்க கையாவது முழுசா இருக்கட்டும்யா."

நைனா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நான்கு வருடம் கழித்துச் சென்னையில் ஒரு நரம்பு மருத்துவர் விளக்கினார். கை எங்கே தப்பியது என்று பார்த்து, அடுத்த தடவைக்குத் திருத்துவது சிறுமூளையின் வேலை. இந்த வகை நடுக்கத்தில் அந்தத் திருத்தமே பழுதாகலாம். முன்பு பழகியது தங்கிவிடும், புதிதாக மாற்றிக்கொள்வதுதான் கஷ்டம். பல குடும்பங்களில் இது பிள்ளைகளுக்கும் வரும் என்றார். அப்போது என் கைகளை மேஜைக்கு அடியில் வைத்துக்கொண்டேன்.

அந்த 1970இல், பத்து நாள் பயிற்சி முடிந்தது. விடுப்பு போட்டுவிட்டு அவரோடு போனேன். பழவேற்காடு ஏரியோரம் ஒரு குப்பம். முதலில் வந்தது சின்னப்பொண்ணு என்ற மீனவப் பெண்ணின் நான்கு மாதக் குழந்தை. அதன் கையை நான் பிடித்துக்கொண்டேன். குழந்தை முகத்தைத் தன் தோள் பக்கம் திருப்பியிருந்தது. நைனாவின் குத்துகள் தள்ளி விழும் இடது பக்கமும் அதுதான். மருந்து கண்ணில் பட்டால் பார்வையே போகலாம் என்று நைனாவே எனக்குச் சொல்லியிருக்கிறார்.

ஊசியைத் தோய்த்து எடுத்தார். அது காற்றில் ஆடியது.

"இன்னா நைனா, காலங்காத்தாலயே ஏத்திக்கினு வந்துட்டியா?" என்றாள் சின்னப்பொண்ணு. "எங்க கெடைக்குதுன்னு எங்கூட்டுக்காரருக்கும் சொல்லேன். மதுவிலக்குல தேடிக்கினு கீறாரு."

சுற்றி நின்ற பெண்கள் சிரித்தார்கள். நைனா குடித்ததே இல்லை. அவரும் சிரித்தார். ஊசி இறங்கியது. தோலுக்கு ஒரு அங்குலம் மேலே நின்றது.

"நேத்து உனுக்கு எத்தினி வெளிய?" என்று என்னைக் கேட்டார்.

"ஒன்னுமில்ல நைனா."

"எனுக்கு?"

"எட்டு."

ஊசியை என் பக்கம் நீட்டினார். "நீ குத்து."

எனக்கு அந்த உரிமை கிடையாது. இருவருக்கும் தெரியும். குத்தினேன். பதினைந்தும் உள்ளே விழுந்தன. குழந்தை வீறிட்டது.

"ஒம் பொண்ணு கை நல்லாத்தான் கீது" என்றாள் சின்னப்பொண்ணு. "நீ ஊட்ல குந்து நைனா."

மற்ற குழந்தைகளுக்குக் குத்தாமலே திரும்பினோம். மறுநாள் தன்னால் குத்த முடியாது என்று எழுதிக்கொடுத்தார். அதற்குப் பிறகு ஓய்வு பெறும்வரை கவரைப்பேட்டையில் ஒரு மருந்தகத்தில் நோயாளிகளின் பெயரைச் சத்தமாகக் கூப்பிடும் வேலை. அதற்குக் கை தேவையில்லை.

இப்போது அந்த அம்மை நாட்டிலேயே இல்லை. ஊசிக்கும் வேலையில்லை. ஆனால் போன வாரம் ஆலையில் ஒரு அளவுமானியைத் திறந்தபோது என் திருப்புளி ஆடியது. துக்க வீட்டில் தூங்காத கை, ஆடத்தான் செய்யும் என்று சொல்லிக்கொண்டேன்.

இன்று வெள்ளரிக்காய் வாங்கி வந்து மையால் வட்டம் போட்டிருக்கிறேன். முதல் நாள் எத்தனை வெளியே விழுந்தாலும் பொருட்டில்லை. நான்காம் நாள் அது குறைகிறதா என்பதுதான் கேள்வி.

மை காய்ந்துவிட்டது. ஊசியை இன்னும் எடுக்கவில்லை.