டைரக்டர் மாப்பிள்ளையை விசாரித்த கதை

அக்காவின் மகளுக்கு அமெரிக்காவில் இருந்து ஒரு சம்பந்தம் வந்தது. கொண்டுவந்தவ எங்களுக்குத் தூரத்து உறவான ஒரு மாமி. பெடியன் யாழ்ப்பாணத்து வழிதான், ஆனால் பிறந்து வளர்ந்தது அங்கே. தொழில், படம் தயாரிப்பதும் டைரக்ட் பண்ணுவதும்.

அத்தான் உயிரோடு இல்லை. அதனால் மாப்பிள்ளையை விசாரிக்கும் பொறுப்பு தாய்மாமனான என் தலையில் விழுந்தது. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடமும் நானும் மனமொத்துப் பிரிந்தவர்கள். கிரின்ஸ்டெட் என்ற டேனிஷ் ஊரில் ஒரு தொழிற்சாலையில் பெட்டி அடுக்குகிறேன். ஆனால் விசாரிப்பதில் எனக்கு ஒரு பெயர் உண்டு. டொக்டர் மாப்பிள்ளை என்றால் அந்த ஆஸ்பத்திரியில் எங்கள் ஆள் ஒருவர் இருப்பார். என்ஜினியர் என்றால் அந்தக் கம்பனியில் ஒருவர் இருப்பார். பெடியன் ஒளித்துப் பிடிக்கும் சிகரெட் வரை எனக்கு வந்து சேரும்.

இவனைப் பற்றி யாரிடம் கேட்பது? லொஸ் ஏஞ்சல்ஸில் வாடகைக் கார் ஓட்டும் என் ஒன்றுவிட்ட தம்பிக்குப் போன் எடுத்தேன். தன் காரில் ஏறுகிறவர்களில் பாதிப் பேர் தங்களை டைரக்டர் என்றுதான் சொல்கிறார்கள் என்றான்.

பெடியன் பெண் பார்க்க விபோர்க்கில் அக்கா வீட்டுக்கு வந்தான். கிழிந்த ஜீன்ஸ், மடியில் ஒரு சின்னக் கமெரா. கிழிசல் வறுமையா, நாகரிகமா என்று என்னால் பிடிக்க முடியவில்லை. தன் கதையைச் சொன்னான். படப்பிடிப்பில் வயர் சுருட்டினானாம், பிறகு விளம்பரங்கள் எடுத்தானாம், பிறகு சொந்தமாகவே ஒரு படம்.

"காசு போடுறதும் நீர், படம் எடுக்கிறதும் நீரோ?" என்று கேட்டேன்.

"ஓம் மாமா."

முதலாளியும் வேலைக்காரனும் ஒரே ஆள் என்றால் எனக்குத் தெரிந்து அது பெட்டிக்கடைதான். சந்தேகம் இன்னும் கூடியது. இருமினால்கூட அது நடிப்போ என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த நேரம் அக்கா தேத்தண்ணி கொண்டுவந்தா. சுவரில் இருந்த அத்தானின் படத்தைப் பார்த்ததும், இந்த நாளைப் பார்க்க அவர் இல்லையே என்று தட்டோடு நின்று அழுதா. பெடியன் கமெராவைத் தூக்கினான். கொஞ்சம் பொறுத்து, மிகவும் மரியாதையாகக் கேட்டான்.

"அன்ரி, அதை இன்னொருக்காச் செய்யேலுமோ? முகத்திலை வெளிச்சம் விழேல்லை."

அக்கா ஒன்றும் விளங்காமல் என்னைப் பார்த்தா. பிறகு, வந்த பிள்ளை கேட்கிறதே என்று, அவன் காட்டிய யன்னலோரம் போய் நின்று திரும்பவும் அழுதா. தட்டை இடப்பக்கம் பிடிக்கச் சொன்னான், பிடித்தா. என்னைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொன்னான். வீட்டில் மனுசி சொன்னாலே அசையாத நான் தள்ளி நின்றேன். அப்போதுதான் எனக்கு நிம்மதி வந்தது. இப்படி வேலை வாங்க ஒரு பொய்யனால் முடியாது.

குசினிக்கு ஓடிப்போய் மருமகளிடம் சொன்னேன்:

"பயப்பிடாதை பிள்ளை. ஆள் உண்மையான டைரக்டர்தான்."

அவள் ஓகூஸ் நகரத்து ஆஸ்பத்திரியில் நேர்ஸ். நான் தமிழில் கேட்டால் டேனிஷில் பதில் சொல்லுகிற பிள்ளை. அன்றைக்குத் தமிழில் சொன்னாள்.

"தெரியும் மாமா. நானும் பாத்துக்கொண்டுதான் நிண்டனான். அம்மாவை ரெண்டாந்தரம் அழ வைச்சவர். எனக்கு வேண்டாம்."

நான் எவ்வளவோ கதைத்துப் பார்த்தேன். படித்த பெடியன், குடி இல்லை, பொய் இல்லை என்றேன். அவள் கோப்பைகளைக் கழுவிக்கொண்டே நின்றாள்.

அடுத்த நாள் மாமிக்கு நான்தான் போன் எடுத்தேன். பெடியனில் ஒரு பிழையும் இல்லை, சொன்னதெல்லாம் உண்மை, ஆனால் பிள்ளை வேண்டாம் என்கிறாள் என்றேன். மாமி குரலைத் தாழ்த்தினா.

"தம்பி, உண்மையைச் சொல்லும். பெட்டைக்கு ஓகூஸிலை ஆரும் இருக்கினமோ?"

ஒருவரும் இல்லை என்று அடித்துச் சொன்னேன். போனை வைத்த பிறகு எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. ஓகூஸ் ஆஸ்பத்திரியில் எங்கள் ஆட்கள் யார் வேலை செய்கிறார்கள் என்று யோசிக்கத் தொடங்கினேன்.