மோகனப்ரியா நீக்கிய பிரிண்ட்

மோகனப்ரியா வேலைக்குச் சேர்ந்தபோது அந்த ஆஸ்பத்திரிக்குக் கம்ப்யூட்டர் வந்து ஒரு வருடம்கூட ஆகியிருக்கவில்லை. மைசூரில் நசர்பாத் பக்கம் இருந்த தனியார் ஆஸ்பத்திரி அது. அவளுடைய அப்பா லிங்கப்பன் கொள்ளேகாலிலிருந்து கட்டட வேலைக்கு வந்து மேட்டகள்ளியில் குடியேறிய கொத்தனார். வீட்டுக்குள் தமிழ், வாசலைத் தாண்டினால் கன்னடம். பி.காம். முடித்துவிட்டு, தேவராஜ அரசு ரோட்டில் ஒரு மாடியில் நடந்த வகுப்பில் யூனிக்ஸ் படித்தாள். அதிகம் பேசுகிறவள் இல்லை. இன்டர்வியூவில் அவள் கேட்ட ஒரே கேள்வி, நோயாளிகளோடு பேச வேண்டி வருமா என்பதுதான். வராது என்றார்கள். சேர்ந்துவிட்டாள்.

கம்ப்யூட்டர் அறை கீழ்த்தளத்தில் இருந்தது. பெரிய மெஷின் ஒன்று அங்கே. பில் கவுண்டர், மருந்தகம், ரத்தப் பரிசோதனை, அக்கவுண்ட்ஸ் என்று மேலே ஒவ்வொரு இடத்திலும் ஒரு திரையும் கீபோர்டும். பிரிண்டர் மட்டும் எல்லாருக்கும் சேர்த்து ஒன்றுதான். இரண்டு ஓரமும் துளையிட்ட, மடிப்பு மடிப்பாக வரும் காகிதத்தில் இரைச்சலோடு அடித்துத் தள்ளும். மேலே இருப்பவர்கள் அனுப்புவதெல்லாம் வரிசையில் நின்று ஒவ்வொன்றாக வெளியே வரும். காகிதம் கிழித்து மேலே அனுப்புவதும், ரிப்பன் மாற்றுவதும், வரிசை சிக்கிக்கொண்டால் சரிசெய்வதும் அவள் வேலை.

வரிசை அடிக்கடி சிக்கும். பிரிண்ட் வரவில்லை என்று ஒரே பில்லை மூன்று தடவை அனுப்புவார்கள். அவள் 'எல்பிஸ்டாட்' என்று அடித்தால் நிற்பவை எல்லாம் திரையில் வரும்: ஒவ்வொன்றுக்கும் ஒரு எண், அனுப்பியவரின் லாகின் பெயர், அளவு. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது. 'கேன்சல்' என்று அடித்து எண்ணைக் கொடுத்தால் அது வரிசையிலிருந்து போய்விடும். ஒருவருடையதை மற்றொருவர் நீக்கினால், யார் நீக்கியது என்று பெயரோடு உரியவருக்கு மெஷினே ஒரு செய்தி அனுப்பிவிடும். ஒளித்துச் செய்ய முடியாத வேலை.

தொண்ணூற்றாறாம் வருடம், மார்ச் கடைசி. அக்கவுண்ட்ஸ் தலைவர் சீனிவாசன் காலையிலேயே கீழே வந்தார். மேல்கோட்டைக்காரர், வீட்டில் தமிழ் பேசுகிறவர், அதனால் அவளோடும் தமிழில்தான் பேசுவார்.

"வருஷக் கடைசி ஸ்டாக் ரிப்போர்ட் அனுப்பியிருக்கேன். பெரிசு. சாயந்திரம் ஆடிட்டர் வரார். எக்காரணம் கொண்டும் நிறுத்தாதே."

"சரி சார்."

அவர் வெளி வேலையாகப் போய்விட்டார். பிரிண்டர் மருந்துப் பெயர்களை அடித்துக்கொண்டே இருந்தது. மதியம் நெருங்கியபோது ஒருவர் கதவருகே வந்து நின்றார். வேட்டி, தோளில் துண்டு, கையில் பிளாஸ்டிக் கூடை.

"அம்மிணி, மேல கேட்டா கீழ போங்கன்றாங்க. பாஸ் இங்கதான் வருமாமுங்க."

"யாருக்கு பாஸ்?"

"எம் பொண்டாட்டிக்குங்க. காலைல தவறிட்டா."

அவர் பெயர் கந்தசாமி. கோபிநத்தத்தில் விவசாயம். மனைவி மாரியம்மாவுக்குச் சிறுநீரகம் கெட்டு இங்கே சேர்த்திருந்தார். உடலை வெளியே கொண்டுபோகக் கம்ப்யூட்டரில் அடித்த பாஸ் வேண்டும். கையால் எழுதியது செல்லாது என்று நிர்வாகம் சுற்றறிக்கை விட்டிருந்தது.

"ஸ்வல்ப நேரம் ஆகும். பெரிய ரிப்போர்ட் ஒண்ணு ஓடுது."

"எவ்வளவு நேரமுங்க?"

அவள் காகிதக் குவியலைப் பார்த்தாள். "சாயந்திரம் ஆயிடும்."

"வேன் வெளிய நிக்குதுங்க. மலைக்கு அந்தப் பக்கம் காட்டுப் பாதை. பொழுது சாஞ்சா செக்போஸ்ட்டுல போலீஸ் உடமாட்டாங்க. விடியற வரைக்கும் அவளை ரோட்டுல வெச்சுட்டு நிக்கோணும். கொழந்தைங்க ரெண்டும் அங்க பாத்துட்டு இருக்குதுங்க."

யாருக்கோ வழி சொல்வதுபோல இதைச் சொன்னார். குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

அவள் எல்பிஸ்டாட் அடித்தாள். ஓடிக்கொண்டிருந்தது சீனிவாசனுடையது. அதற்குப் பின்னால் மருந்தகத்தின் இரண்டு. இரண்டும் ஒரே அளவு, ஒன்று வீண். அதற்குப் பின்னால் பில் கவுண்டரின் சின்ன பிரிண்ட். அதுதான் பாஸாக இருக்க வேண்டும். சின்னதை முன்னால் நகர்த்தலாம். ஆனால் ஓடுவதைப் பாதியில் நிறுத்தி வைத்துப் பிறகு தொடர அந்த மெஷினில் வழியில்லை. நீக்கத்தான் முடியும். நீக்கினால் ரிப்போர்ட்டை முதலிலிருந்து கணக்குப் போட்டு எடுக்க வேண்டும். பாதி நாள் போகும்.

சீனிவாசனின் எக்ஸ்டென்ஷனுக்கு போன் செய்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. நிர்வாகி பசவராஜின் அறையில், அவர் மீட்டிங்குக்கு வெளியே போயிருக்கிறார் என்றார்கள். ரிசீவரை வைத்தாள். கந்தசாமி கதவருகே அப்படியே நின்றார். உட்காரச் சொன்னதைக் காதில் வாங்கவில்லை.

அவள் கேன்சல் அடித்து சீனிவாசனுடைய எண்ணைக் கொடுத்தாள். மருந்தகத்தின் வீண் பிரிண்டையும் நீக்கினாள். உள்ளே வாங்கிவைத்திருந்ததை அடித்து முடிக்கும்வரை பிரிண்டர் கொஞ்ச நேரம் ஓடியது. பிறகு நின்றது. அறை அவ்வளவு அமைதியாக இருந்து அவள் பார்த்ததில்லை. மீண்டும் தொடங்கி மருந்தகத்தின் தாளை அடித்தது, அடுத்தது பாஸ்.

கிழித்துக் கொடுத்தாள். அவர் இரண்டு கையாலும் வாங்கினார்.

"இதுல அவ பேரு எங்கிருக்குதுங்க?"

இங்கிலீஷில் இருந்த வரியை அவள் தொட்டுக் காட்டினாள். அவர் அந்த இடத்தை ஒரு முறை பார்த்துவிட்டு, மடிக்காமல் கூடைக்குள் வைத்தார்.

"வர்றனுங்க," என்று சொல்லிவிட்டுப் படியேறினார்.

சாப்பாட்டு நேரம் கடந்திருந்தது. டப்பாவைத் திறந்தாள். சித்ரான்னத்தில் இரண்டு வாய் சாப்பிட்டாள். மூடிவைத்துவிட்டு, சீனிவாசன் வருவதற்காகக் காத்திருந்தாள்.

அவர் மேலே திரையைத் திறந்ததுமே மெஷின் அனுப்பிய செய்தியைப் பார்த்துவிட்டார். நேரே கீழே வந்தார்.

"யாரைக் கேட்டுண்டு நிறுத்தினே?"

"உங்களுக்கு போன் பண்ணேன் சார். யாரும் எடுக்கல."

"எடுக்கலைன்னா? நான் வர வரைக்கும் இருந்திருக்கலாமே."

"பாடி பாஸ் சார். கோபிநத்தம் போகணும். லேட்டானா செக்போஸ்ட்ல விடமாட்டாங்களாம்."

அவர் பாதியில் நின்ற காகிதக் குவியலைப் புரட்டினார். "ஆடிட்டரை இப்போ என்ன சொல்லி அனுப்பறது?"

"நடந்ததைச் சொல்லுங்க சார்."

"நீ பண்ணினது தப்புன்னு நான் சொல்லலை. ஆனா என்னால நிறுத்தாதேன்னு ஒரு வார்த்தை சொல்லத்தான் முடிஞ்சுது. அதுக்கு மதிப்பில்லேன்னு ஆயிடுத்து."

அவர் சொன்னதும் சரிதான் என்று அவளுக்குப் பட்டது. ஆடிட்டர் வந்து, காபி குடித்து, கோபமாகத் திரும்பிப் போனார்.

மறுநாள் பசவராஜ் கூப்பிட்டு விசாரித்தார். திரும்ப எடுக்க முடியும் என்று தெரிந்துதான் நீக்கியதாகக் கன்னடத்தில் சொன்னாள். வருத்தம் தெரிவித்து எழுதிக் கொடுக்கச் சொன்னார். ஆடிட்டருக்கு ஏற்பட்ட சிரமத்துக்கு வருத்தம் என்று மட்டும் எழுதினாள். அது போதாது என்று அவளை மேலே பதிவு கவுண்டருக்கு மாற்றினார்கள். நாள் முழுக்க நோயாளிகளோடு பேசுகிற வேலை.

முதல் வாரம் அவளுக்குத் தலைவலி. சத்தமாகப் பேசுங்கள் என்று எல்லாரும் சொன்னார்கள். பிறகு பழகியது. ஹனூர், கொள்ளேகால் பக்கத்துத் தமிழ் ஜனங்கள் வந்தால் மற்ற கவுண்டர்களிலிருந்து அவளிடம் அனுப்பத் தொடங்கினார்கள்.

மழைக்காலத்தில் ஒருநாள் கந்தசாமி மகளைக் கூட்டிக்கொண்டு வந்து அவள் எதிரே நின்றார். குழந்தைக்குக் காய்ச்சல். அவளுக்கு அவரை அடையாளம் தெரியவில்லை. அவரே சொன்னார்.

"அன்னைக்குப் பொழுதோட போய்ச் சேந்துட்டமுங்க. எல்லாரும் மொகம் பாத்தாங்க."

"அப்படியா," என்றாள். குழந்தையின் நெற்றியில் கைவைத்துப் பார்த்துவிட்டு, டாக்டரிடம் முதலில் போகும்படி சீட்டு போட்டுக் கொடுத்தாள்.

அதற்குள் கீழ்த்தளத்தில் அவளுக்குப் பதிலாக வந்தவர் வேலையை விட்டுப் போயிருந்தார். சீனிவாசன், பில் கவுண்டருக்குத் தனியாக ஒரு பிரிண்டர் வேண்டும் என்று தானே எழுதி, நிர்வாகத்தோடு சண்டை போட்டு வாங்கினார். அதைப் பொருத்தும் நாளில் மோகனப்ரியாவைத்தான் கூப்பிட்டார்கள். பழைய வேலைக்குத் திரும்பிவிடு என்றார் பசவராஜ்.

அவள் யோசித்துவிட்டு, காலையில் பதிவு கவுண்டர், மதியத்துக்கு மேல் கீழ்த்தளம் என்று இரண்டையும் கேட்டாள். ஒப்புக்கொண்டார்கள். கல்யாணமாகிக் கணவரோடு ஹாசனுக்குப் போகும்வரை அப்படியே வேலை பார்த்தாள். சீனிவாசன் கல்யாணத்துக்கு வந்து, பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுத்தான் போனார்.