டைமன் இல்லாத இரண்டு டைமன்

பட்டுக்கடை முதலாளி பரசுராமனை ஆரணியே வணங்கும். நான் வணங்க மாட்டேன். எதிரே வருகிறவனின் முகத்தை விட்டுவிட்டு அவன் சட்டைத் துணியைப் பார்க்கிற மனிதருக்கு என் கைகள் குவியாது.

மனமகிழ் மன்றத்தில் எல்லோரும் ரம்மி ஆடுவார்கள். அவருக்கு அது இளப்பம். சென்னையில் பிரிட்ஜ் கற்று வந்த மகான் அல்லவா! எதிரெதிரே உட்காரும் இருவர் ஒரு ஜோடியாக ஆடும் சீட்டாட்டம் அது. தன் ஜோடியாகக் கடை விற்பனையாளன் ஜெயக்குமாரைப் பிடித்து உட்கார வைத்தார். மறுக்க முடியுமா அவனால்?

பிரிட்ஜில் முதலில் ஏலம் கேட்க வேண்டும். "ரெண்டு டைமன்" என்று ஒருவர் ஆரம்பித்தால் அவர் கையில் டைமன் நிறைய இருக்கிறது என்றுதான் யாரும் நினைப்பார்கள். பரசுராமன் வைத்த ஏற்பாட்டில் டைமனுக்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது. சுமாரான கை, ஆட்டினிலோ இஸ்பேடிலோ ஆறு சீட்டு என்று பொருள். ஒருநாள் ஜெயக்குமார் இதை மறந்துவிட்டான்.

"மூளைய தறிக்குழியில வுட்டுட்டு வந்தியாடா? வேலூர் போட்டியில மறந்தேன்னு வை, திங்கக்கெழம கடைப்பக்கமே வராத!"

மன்றமே சிரித்தது. அந்தப் பாவிக்குச் சோறு இறங்கவில்லை. அவனுக்கு மனப்பாடம் ஆகட்டுமென்று மனைவி துர்கா குழம்பு ஊற்றும்போதே கேட்பாள்.

"ரெண்டு டைமன்னா இன்னாங்க?"

"டைமன் இல்ல. ஆட்டின், இல்லாட்டி இஸ்பேட்."

"அத நேராவே சொன்னா இன்னாவாம் அந்த மனுசனுக்கு? பேஜாரு!"

வேலூரில் கடைசி ஆட்டம். பரசுராமன் சீட்டைப் பார்த்து, நெஞ்சை நிமிர்த்தி, "ரெண்டு டைமன்!" என்றார்.

"இதுக்கு என்ன அர்த்தம்?" என்று எதிரணி அம்மையார் ஜெயக்குமாரைக் கேட்டார். அவன் பிசகாமல் ஒப்பித்தான்.

பரசுராமனின் முகம் வெளிறியது. அவர் கையில் வரிசையாக டைமன்கள்! தான் வைத்த ஏற்பாட்டைத் தானே மறந்திருந்தார். ஜோடி சொன்னதைக் கேட்டுத் திருத்திக்கொள்ள ஆட்ட விதி விடாது. மறந்தேன் என்று சொல்லக் கௌரவம் விடாது.

ஜெயக்குமாருக்கோ பலமான கை. "நாலு ஆட்டின்" என்றான். முதலாளி கையில் இருப்பது இஸ்பேட் என்றால் அவரே ஏலத்தை மாற்றிக்கொள்வார் என்ற நம்பிக்கை. முதலாளி "பாஸ்" என்று முனகினார்.

இனி ஆடுவது ஜெயக்குமார். ஜோடி தன் சீட்டையெல்லாம் மேஜைமேல் விரித்துவிட்டு வாய் திறக்காமல் இருக்க வேண்டும். விரித்தார். டைமன், டைமன், மறுபடியும் டைமன். ஆட்டின் ஒன்றே ஒன்று. அம்மையார் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார். ஊரையே ஏசிய அந்த வாய் மூடிக்கிடக்க, ஆட்டம் மண்ணாய்ப் போயிற்று.

திரும்பும் வழியில், காரில் கண்ணமங்கலம் தாண்டும்போது முதலாளி ஆரம்பித்தார். "நீ நாலு ஆட்டின் கேட்டிருக்கக் கூடாதுடா."

"நீங்க சொல்லிக்குடுத்தத நான் மறக்கலீங்க, மொதலாளி."

திங்கட்கிழமை காலை ஜெயக்குமார் கடைக்கு வந்து ஷட்டரைத் தூக்கினான். பரசுராமன்தான் வரவில்லை. காய்ச்சலாம்.