மூன்று தலைப் பூதம்

அமெரிக்காவில் படித்துக்கொண்டிருந்த மாமா, எழுபதுகளின் கடைசியில் ஒரு கோடை விடுமுறைக்கு தி. நகரில் எங்கள் வீட்டுக்கு வந்தார். நானும் அண்ணனும் சாக்லேட்டுக்காக அவர் பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தோம். சாக்லேட் இருந்தது. ஆனால் அதற்கு அடியிலிருந்து அவர் எடுத்த அட்டைப்பெட்டிதான் அந்தக் கோடை முழுவதும் எங்களைப் பிடித்துக்கொண்டது. உள்ளே ஒரு மெல்லிய புத்தகமும் சில பகடைகளும் இருந்தன. ஒன்றுக்கு நாலு முகம், ஒன்றுக்கு எட்டு. இன்னொன்று உருண்டையாகிவிடலாமா என்று யோசித்துப் பாதியில் நின்றுவிட்டது போலிருந்தது. அதற்கு இருபது முகம்.

"பலகை எங்கே மாமா?" என்றான் அண்ணன்.

"கிடையாது. காயும் கிடையாது. எல்லாம் வாயாலதான்."

ஒருவர் கதை சொல்லிக்கொண்டே போக வேண்டும். மற்றவர்கள் ஆளுக்கொரு வேடம் எடுத்துக்கொண்டு, தான் என்ன செய்வேன் என்று சொல்ல வேண்டும். அது நடக்குமா நடக்காதா என்பதைப் பகடை முடிவு செய்யும். அண்ணன் வீரன் ஆனான், நான் மந்திரக்காரி. பின்கட்டு அறையில் குடியிருந்த, கீழ்வீட்டுக்காரருடைய டிரைவரின் மகள் செல்வி, என் வயதுதான், என்னைவிட மூன்று மடங்கு வாய். அவள் கேட்காமலே திருடியானாள். மாமா எங்களைப் பனி கொட்டும் ஒரு மலைக்குக் கூட்டிப்போனார். அங்கே நீண்ட காதுள்ள ஆட்கள் வந்தார்கள். யானை ஜாதியா என்று அண்ணன் கேட்டான். பிறகு நெருப்புக் கக்கும் ஒரு ராட்சசப் பல்லி, தங்கக் குவியல்மேல் படுத்திருந்தது.

"இன்னாத்துக்கு மாமா அது தங்கத்து மேல படுத்துகினு கீது? கல்யாணம் கட்டிக் குடுக்க பொண்ணு கீதா அதுக்கு?" என்றாள் செல்வி.

மாமா புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார். மறுநாளிலிருந்து சிநேகிதர்களைப் பார்க்கக் கிளம்பிவிட்டார்.

பெட்டியை எடுத்துக்கொண்டது சித்தி. அம்மாவின் தங்கை, கணிதத்தில் பட்டம் வாங்கிவிட்டு, வரன் பார்ப்பதற்காக எங்கள் வீட்டில் இருந்தாள். புடவைக்கு ஃபால்ஸ் தைத்துக்கொண்டே மாமாவின் பனிமலையைக் கேட்டுக்கொண்டிருந்தவள், "இந்தக் குளிரெல்லாம் நமக்கெதுக்கு? நானே ஒரு ஊர் பண்றேன்" என்றாள்.

பண்ணினாள். நாங்கள் இருந்த தெரு, அந்த வட்டாரமே, ஒரு காலத்தில் பெரிய ஏரி என்பது அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். "ஏரி எங்கேயும் போயிடலை. கீழே போயிருக்கு, அவ்வளவுதான்." வீடுகளின் கிணறுகள்தான் அந்த ராஜ்யத்தின் வாசல்கள். காலையில் குழாயைத் திறந்தால் தண்ணீருக்குப் பதில் 'புஸ்' என்று காற்று வருமே, அது கீழே சிறைப்பட்டிருக்கும் ஒருவனின் பெருமூச்சு. பனகல் பூங்கா மரங்களுக்கு அடியில் வேர்களே சாலைகள். தண்ணீர் லாரியை விழுங்கிவிட்டு ஏப்பம் விடும் ஒரு பூதம் இருந்தது. ஒவ்வொரு பூதத்துக்கும் எத்தனை பலம், எந்த எண் விழுந்தால் சாகும் என்று சித்தி கணக்குப் போட்டு வைத்திருந்தாள். அந்தக் கணக்கில் எங்களுக்காக அவள் எதையும் விட்டுக்கொடுத்ததில்லை. ஒரு எண் குறைந்ததற்காக அண்ணனின் வாளைச் சேற்றில் புதைத்துவிட்டாள். அவன் அழுதும் திருப்பித் தரவில்லை.

கடைசியாக மூன்று தலைப் பூதம் வந்தது. அது ஓடி வராது, காரில் வரும். வந்து உட்காரும். கேள்வி கேட்கும். பதில் சொன்னால் சொன்னவர் கொஞ்சம் குட்டையாகிவிடுவார். அண்ணன் மளமளவென்று பதில் சொல்லிக் கட்டைவிரல் உயரத்துக்கு வந்துவிட்டான். என் மந்திரம் எதுவும் பலிக்கவில்லை.

"எப்படித்தான் சித்தி அதை ஜெயிக்கிறது?"

"எனக்கே தெரியாதுடி. கண்டுபிடிங்க."

"அதாண்ட நாம கேள்வி கேட்டா இன்னா?" என்றாள் செல்வி.

சித்தி பகடையை உருட்டுவதற்குள் அம்மா மொட்டைமாடிக்கு வந்துவிட்டாள். மறுநாள் பெண் பார்க்க வருகிறார்களாம். சித்தி தலைக்குக் குளிக்க வேண்டுமாம்.

மறுநாள் வாசலில் கார் நின்றது. மாப்பிள்ளை, அவருடைய அப்பா, அம்மா என்று மூன்று பேர் இறங்கினார்கள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. சித்தி காபித் தட்டோடு வந்து நமஸ்காரம் பண்ணிவிட்டுப் பாயில் உட்கார்ந்தாள். மாப்பிள்ளையின் அம்மா, "பாடத் தெரியுமாம்மா?" என்றார். தெரியும் என்றாள் சித்தி. சமையல்? தெரியும். "வேலைக்குப் போகணும்கிற நெனப்பெல்லாம் இல்லையே?" சித்தி தரையைப் பார்த்தபடி இல்லை என்றாள். பாங்கு வேலைக்கு விண்ணப்பம் போட்டிருந்தவள் அவள். ஒவ்வொரு பதிலுக்கும் அவள் தலை இறங்கிக்கொண்டே வந்தது. நிஜமாகவே குட்டையாகிக்கொண்டிருக்கிறாள் என்று நினைத்தேன்.

எழுந்து நேராக மாப்பிள்ளை முன்னால் போய் நின்றேன்.

"உங்களுக்குப் பாடத் தெரியுமா?"

அம்மா பின்னாலிருந்து என் பாவாடையைப் பிடித்து இழுத்தாள்.

"தெரியாது" என்றார் அவர்.

"சமையல்?"

"வெந்நீர் வைப்பேன்." கொஞ்சம் யோசித்து, "அதுவும் ஒரு தடவை தீஞ்சுபோச்சு" என்றார்.

சித்தி தலையை நிமிர்த்தினாள். அன்றைக்கு முதல் தடவையாக அவரை நேராகப் பார்த்தாள். "நான் இப்ப இல்லைன்னு சொன்னது பொய். எனக்கு வேலைக்குப் போகணும். உங்களுக்குச் சம்மதமா?"

அவருடைய அம்மா தம்ளரைக் கீழே வைத்த சத்தம் கேட்டது. அவர் அம்மா பக்கம் திரும்பாமலே சொன்னார்: "தெரியலை. நான் அதை யோசிச்சதே இல்லை. யோசிச்சுச் சொல்றேன்."

அவர்கள் போனதும் அப்பா என் தலையில் ஒரு குட்டு வைத்தார். சித்திக்குக் குட்டு இல்லை. ஆனால் இரண்டு நாள் வீட்டில் அவளோடு யாரும் பேசவில்லை. மூன்றாம் நாள் கீழ்வீட்டுக்காரர் வந்து, மாப்பிள்ளை டெலிபோனில் இருப்பதாகவும், சித்தியிடம்தான் பேச வேண்டுமாம் என்றும் சொன்னார். சித்தி படி இறங்கிப் போனாள். திரும்பி வந்தபோது அம்மா கேட்டதற்கு, "யோசிச்சாச்சாம்" என்று மட்டும் சொன்னாள். பிறகு இருவரும் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

அன்று சாயங்காலம் மொட்டைமாடியில் ஆட்டம் தொடர்ந்தது. நான் வெற்றி மிதப்பில் இருந்தேன். பூதத்திடம் கேள்வி கேட்டாகிவிட்டது. அதற்குப் பதில் தெரியவில்லை. ஆகவே அது செத்துப்போயிற்று என்று அறிவித்தேன்.

"சாகலை" என்றாள் சித்தி. "தெரியாதுன்னு சொன்னதும் அதோட ரெண்டு தலை உதிர்ந்துபோச்சு. மிச்சம் ஒரு தலைதான். அது உங்களோட சேர்ந்து நடந்து வரட்டுமான்னு கேக்குது."

"இப்படி ஒரு சட்டமே இல்லையே!" என்று அண்ணன் குதித்தான்.

"இன்னா சித்தி, அன்னிக்கு எதிரி, இன்னிக்குக் கூட்டாளியா?" என்றாள் செல்வி.

"சரி, பகடையே சொல்லட்டும். இருபது விழுந்தா சேர்த்துக்கலாம்" என்று சித்தி உருட்டினாள். நாங்கள் குனிவதற்குள் அதன்மேல் உள்ளங்கையை வைத்தாள். மெல்லத் தூக்கி, தான் மட்டும் பார்த்துவிட்டு, "இருபது" என்றாள்.

அண்ணனும் செல்வியும் நம்பிவிட்டார்கள். நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். விரல் இடுக்கில் எனக்குத் தெரிந்தது ஏழு.

ஒரு எண் குறைந்ததற்காக அண்ணனை அழவிட்டவள், பதின்மூன்று எண் குறைந்தும் ஒரு பூதத்துக்காகப் பொய் சொன்னாள். சொல்லிவிட்டு வெட்கப்படவும் இல்லை. முகமெல்லாம் சிரிப்பாக, பகடையைக் கைக்குள் மூடிக்கொண்டு பனகல் பூங்கா மரங்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவ்வளவு கஷ்டப்பட்டு அவளைக் காப்பாற்றியிருந்த எனக்கு, அவள் ஏன் அதைக் கூட அழைத்துக்கொள்கிறாள் என்று விளங்கவேயில்லை. அன்றைக்குச் சாப்பிடும்போதும் நான் அவளோடு பேசவில்லை.