கொலு முன்னால் ஒரு சினிமாப் பாட்டு

சூடு ஆறாத கப்பலண்டி நிறைந்த காகிதக் கூம்பு உள்ளங்கையைச் சுடும். மழையில் நனைந்து வந்து இருக்கைகளுக்கு அடியில் மடக்கி வைத்த குடைகளின் ஈரவாடை இருட்டோடு கலந்து மூக்கில் ஏறும். திரையில் பாட்டு தொடங்கப் போகிறது என்பதை எனக்கு முன்பே தெரிந்துகொண்டு ராஜி அத்தை என் மணிக்கட்டை இறுக்கிப் பிடிப்பாள். கப்பலண்டி என்றால் வறுத்த வேர்க்கடலைதான், ஆனால் திருவனந்தபுரத்தில் வளர்ந்த எனக்கு அதை வேர்க்கடலை என்று சொன்னால் பாதி ருசி இறங்கிவிடும்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், 'அந்தக் காலத்துப் பாட்டு மாதிரி இனி வருமா' என்று பெருமூச்சு விடுவதற்காக நான் இதை எழுதவில்லை. அந்தப் பெருமூச்சைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. எனக்கு நாற்பத்து நான்கு வயதாகிறது, போன மாதம் வெளிவந்த பாட்டை இன்று காலை குளியலறையில் தொண்டை கிழியப் பாடினேன், பக்கத்து ஃபிளாட்காரர் சுவரைத் தட்டினார், நான் அடுத்த சரணத்தையும் பாடி முடித்துவிட்டுத்தான் வெளியே வந்தேன்.

இந்த வியாதி எனக்கு ராஜி அத்தையிடமிருந்து ஒட்டியது. அப்பாவின் தங்கை, ஸ்ரீவராகத்தில் எங்களோடு ஒரே வீட்டில் இருந்தாள். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர் வேலை. காலை 'டூட்டி' இரண்டு மணிக்கு முடிந்தால் அவள் வீட்டுக்கு வருவதற்குப் பதில் என் பள்ளிக்கூட வாசலில் வந்து நிற்பாள், குழந்தைக்குப் பல்வலி என்று டீச்சரிடம் கூசாமல் பொய் சொல்லுவாள், அங்கிருந்து இரண்டு பேரும் மாட்னிக்கு ஓடுவோம். ஒரே வருடத்தில் எனக்கு வந்த பல்வலிகளை நம்பியிருந்தால் என் வாயில் ஒரு பல்லும் மிஞ்சியிருக்காது. படம் வந்த வாரமே பார்த்தாக வேண்டும் என்பது அத்தையின் சட்டம். "ஊறினாத்தான் ருசின்னா அது ஊறுகாய்டீ. பாட்டும் படமும் அன்னன்னிக்கு வடிச்ச சாதமாக்கும்" என்பாள்.

அப்பாவுக்கு இது பிடிக்காது. கெட்ட மனிதர் இல்லை, சவரம் செய்துகொள்ளும்போதுகூடக் கீர்த்தனை முணுமுணுக்கிறவர், அவ்வளவுதான். டேப்பில் அத்தை புதுப் பாட்டு போட்டால் செய்தித்தாளுக்குப் பின்னாலிருந்தே, "இதெல்லாம் ஆறு மாசம் தாங்காது" என்பார். அம்மா அடுக்களையிலிருந்து, "பாட்டு கேட்டா வயிறு ரொம்பிடுமா?" என்று ஒத்து ஊதுவாள். அத்தை ஒலியைக் கொஞ்சம் கூட்டுவாள்.

எனக்குப் பத்து வயதாக இருந்தபோது வந்த நவராத்திரியைத்தான் இங்கே சொல்ல வேண்டும். எங்கள் தெருக்களில் கொலு பார்க்கப் போகிற பெண்குழந்தை ஒரு பாட்டாவது பாடாமல் சுண்டல் வாங்க முடியாது. அதிலும் ஒரு விதி உண்டு: ஒரு வீட்டில் அன்று மாலை ஒருத்தி பாடிய பாட்டை இன்னொருத்தி பாடக்கூடாது. "பாடினதையே பாடினா அம்பாளுக்குச் சலிச்சுப் போயிடும்" என்று மாமிகள் சொல்லுவார்கள். பாட்டு வகுப்பில் அப்போது நான் கற்றிருந்தது மொத்தம் மூன்றே பாட்டு. அதனால் முதல் ஆளாகப் போய்ப் பாடிவிட வேண்டும் என்று ஒவ்வொரு மாலையும் வேட்டி விளிம்பு கடிக்கிற நாய்க்குட்டி மாதிரி பெரியவர்களை அவசரப்படுத்திக்கொண்டே இருப்பேன்.

அந்த வருடம் அடுத்த தெருவில் ஒரு வீட்டுக்குக் கொலு பார்க்கப் போனதில் கொலு ஒரு சாக்குதான். அந்த வீட்டு மாமியின் மகன் பம்பாயில் இன்ஜினியர், லீவில் வந்திருந்தான். போட்டோ கைமாறியிருந்தது, ஜாதகமும் பொருந்தியிருந்தது, பெண்ணை 'சும்மா ஒருவாட்டி' பார்த்துவிட்டால் மேற்கொண்டு பேசலாம் என்று தரகர் சொல்லியிருந்தார். அத்தைக்கு அப்போது இருபத்தெட்டு. ஏற்கெனவே மூன்று இடம் தட்டிப்போயிருந்தது. இதுவும் போனால் அப்புறம் இரண்டாம்தாரம்தான் என்று தெருவே முடிவு கட்டியிருந்தது. அம்மா போகும் வழியெல்லாம் பாடம் நடத்தினாள். "சினிமா கினிமான்னு வாயைத் திறந்துடாதே ராஜி. கேட்டா, டூட்டி முடிஞ்சு ஆத்துக்கு வரவே நேரம் சரியாயிடறதுன்னு சொல்லு, கேட்டியா?" அத்தை சரி என்று தலையாட்டினாள். அரக்குப் பட்டில் அவள் அவ்வளவு அழகாக இருந்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

அம்மா புடவை மடிப்பைச் சரிசெய்ததில் நேரமாகிவிட்டது, எங்களுக்கு முன்பே இரண்டு பெண்கள் வந்து ஜமக்காளத்தில் உட்கார்ந்திருந்தார்கள். முதல் பெண் என் முதல் பாட்டைப் பாடினாள். இரண்டாவது பெண், மகராசி, விடாமல் இரண்டு பாட்டுப் பாடினாள், அவை என் மிச்சம் இரண்டும். மாமி என் பக்கம் திரும்பி, "நீ பாடுடி கொழந்தே" என்றாள். பாட்டு தெரியாது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் பாட்டு வகுப்புக்குச் சம்பளம் கட்டுகிற வீட்டுப் பெண் அப்படிச் சொன்னால் அம்மாவின் மானம் போகும் என்று எனக்குத் தோன்றியது. கண்ணை மூடினேன். முந்தின வெள்ளிக்கிழமை மாட்னியில் கேட்டதிலிருந்து தலைக்குள் ஓடிக்கொண்டிருந்த பாட்டு தானாக வெளியே வந்துவிட்டது.

பாடினேன் என்றால் சும்மா பாடவில்லை. ஆரம்பப் புல்லாங்குழலை வாயாலேயே ஊதினேன், இடையில் வரும் வயலின் கூட்டத்தை மூக்கால் இழுத்தேன், தபேலாவைத் தொடையில் தட்டினேன். மழையில் நனைந்துகொண்டு காதலனைக் கூப்பிடுகிற பாட்டு அது. ஈரத் தாவணியைப் பற்றி ஒரு வரி உண்டு, அதையும் விடவில்லை. கண்ணைத் திறந்தபோது அம்மாவுக்குப் பேயறைந்த முகம். தசாவதார பொம்மைகள் மட்டும்தான் அந்தக் கூடத்தில் என்னைச் சாதாரணமாகப் பார்த்துக்கொண்டிருந்தன.

"அய்யோ, கஷ்டம்! யாரு குட்டி இதெல்லாம் படிப்பிச்சுக் குடுத்தா?" என்றாள் மாமி.

"ரேடியோல என்னமோ கேட்டுட்டு…" என்று அம்மா இழுத்தாள்.

"நான்தான் மாமி" என்றாள் ராஜி அத்தை. "போன வெள்ளிக்கிழமை மாட்னிக்குக் கூட்டிண்டு போனேன். ரெண்டாவது சரணத்துல ஒரு சங்கதியை விட்டுட்டா." சொன்னதோடு நிற்காமல், நான் விட்ட இடத்தைத் தணிந்த குரலில் ஒருமுறை சரியாகப் பாடியும் காட்டினாள்.

மாமி கோபித்துக்கொள்ளவில்லை என்பதுதான் இதில் வேடிக்கை. அவள் சிரித்தாள். "அதுக்கென்ன, கல்யாணம் ஆகாத பொண்ணுகளுக்கு இதெல்லாம் உள்ளதுதானே. கல்யாணம் கழிஞ்சா தானா நின்னுடும்" என்றாள். அதற்குப் பதிலாக ஒரு புன்னகை போதும். அம்மா அந்தப் புன்னகையை ஏற்கெனவே தன் முகத்தில் வரவழைத்துக்கொண்டுவிட்டாள்.

"நிக்காது மாமி" என்றாள் அத்தை.

குரலை உயர்த்தவில்லை. ட்ரங்க் கால் கேட்கிறவரிடம் 'லைன் கிடைக்காது சார்' என்று எவ்வளவு மரியாதையாகச் சொல்வாளோ அவ்வளவு மரியாதையாகச் சொன்னாள். மாமி குங்குமம் கொடுத்தாள், வெற்றிலை பாக்கு கொடுத்தாள், சுண்டலும் கொடுத்தாள். மூன்றாம் நாள் தரகர் வந்து, ஜாதகத்தை மறுபடி பார்த்ததில் ஏதோ தோஷம் தெரிகிறதாம் என்றார்.

அப்பா அன்று கத்திய கத்தல் நாலு வீடு தள்ளிக் கேட்டிருக்கும். "ஒரு வார்த்தை, 'சரி மாமி'ன்னு சொல்லிட்டு வரப்படாதா?" என்றார். "சொல்லிட்டு அப்பறமா ஏமாத்தணுமா அண்ணா?" என்று கேட்டுவிட்டு அத்தை சாப்பிடப் போனாள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? சம்பாதிக்கிற, எடுத்தெறிந்து பேசுகிற அத்தையை நேராகக் குறை சொல்ல எல்லோருக்கும் பயம், அதனால் பழி வசதியாக என் தலையில் இறங்கியது. கொலு முன்னால் டப்பாங்குத்துப் பாடி அத்தை கல்யாணத்தைக் கலைத்தவள் என்று பெயர் வந்தது. அது டப்பாங்குத்தே இல்லை, நல்ல மெலடி. அதைக்கூட எவரும் கேட்கத் தயாராக இல்லை. அதற்குப் பிறகு வந்த இரண்டு இடங்களில், மாப்பிள்ளை வீட்டார் உட்காருவதற்குள் அத்தையே, "எனக்கு சினிமா பாக்காம முடியாது" என்று சொல்லிவிட்டாள். அவளுக்குக் கல்யாணம் ஆகவே இல்லை. உறவில் யார் கல்யாணத்துக்குப் போனாலும் பந்தியில் ஒரு மாமா அந்தக் கதையை எடுப்பார், எல்லோரும் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். இலையில் இருக்கும் பாயசம் எனக்கு இறங்காது.

கொஞ்ச நாள் சினிமாவே வேண்டாம் என்று நான் விரதம் இருந்து பார்த்தேன். அத்தை ஒரு வாரம் பொறுத்தாள், எட்டாம் நாள் பள்ளிக்கூட வாசலில் நின்றாள். "எனக்காகத் தியாகமோ? அய்யட! கிளம்புடி, புதுப் படம் வந்திருக்கு."

இப்போது அப்பாவுக்கு எழுபது. நாலு மாதம் முன்பு குடும்பத்தின் செல்போன் குழுவில் ஒரு பாட்டை அனுப்பி, 'இதுபோல் இனி ஒரு பாட்டு வருமா!' என்று கைகூப்பும் பொம்மைகளோடு எழுதியிருந்தார். நான் கொலுவில் பாடிய அதே பாட்டு. எனக்குக் கோபம் உச்சந்தலை வரை ஏறிவிட்டது. உடனே போன் போட்டு, "இது ஆறு மாசம் தாங்காதுன்னு சொன்னது யாருப்பா?" என்று கேட்டேன். அப்பா சற்றும் அசரவில்லை. "அது வேற. இப்ப வர்றதுதான் ஆறு மாசம் தாங்காது" என்றார்.

தாங்காவிட்டால்தான் என்ன? மாம்பழம் இரண்டு மாதம்தான் வருகிறது, யாராவது வேண்டாம் என்கிறோமா? ஆறு மாதம் ஒரு பாட்டு என்னைக் ஐ.டி. கம்பெனிகள் நிறைந்த கழக்கூட்டத்துப் போக்குவரத்து நெரிசலில் பைத்தியம் பிடிக்காமல் ஆபீஸ் கொண்டு சேர்க்குமானால் அதன் கடன் தீர்ந்தது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டுப் பேச்சைக் கேட்டுவிட்டுத் திருநெல்வேலிச் சொந்தக்காரர்கள், "இது தமிழா மலையாளமா?" என்று சிரிப்பார்கள், நாங்கள் கூனிக் குறுகுவோம். இன்று இருபத்துமூன்று வயதுப் பையன் ஒருவன் ஒரு வரி தமிழும் ஒரு வரி மலையாளமுமாக மூச்சுவிடாமல் பேசிக்கொண்டே பாடுகிறான், அரங்கம் முழுக்க அவனோடு சேர்ந்து கத்துகிறது. நாங்கள் வாயைப் பொத்திக்கொண்டு பேசியதை அவன் ஒலிபெருக்கியில் பேசுகிறான். இதைக் கேட்டு எனக்கு அழுகை வந்தால் அதற்கு யாரிடமும் நான் காரணம் சொல்லப் போவதில்லை.

அந்தப் பையனின் கச்சேரி போன மாதம் கழக்கூட்டம் பக்கத்து மைதானத்தில் நடந்தது. நின்றுகொண்டு பார்க்கிற டிக்கெட்தான் கிடைத்தது. "அறுபத்திரண்டு வயசுல நின்னுண்டு கூத்துப் பாக்கணுமா?" என்றார் அப்பா. அத்தை முழங்கால் பட்டையை மாட்டிக்கொண்டு செருப்பைத் தேடினாள். கிழக்கேகோட்டையில் பஸ் ஏறினோம். வழியில் எங்கள் மாட்னி தியேட்டர் இருந்த இடம் இப்போது கார் நிறுத்துமிடம். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் அத்தை உட்கார்ந்திருந்த நீள மேசையை எடுத்து யுகமாகிறது. மாமியின் வீடு லாட்ஜ் ஆகிவிட்டது. கொலு வைக்கிற ஒன்றிரண்டு வீடுகளிலும் குழந்தைகளை யாரும் பாடச் சொல்வதில்லை, ஸ்பீக்கரில் பாட்டு தானாக ஓடுகிறது. அதற்காக நான் கண்ணீர் விட மாட்டேன். என்னைப் படாதபாடு படுத்திய வழக்கம் அது, போனது போகட்டும்.

நாலு மணி வெயிலில் வரிசை நத்தையாக நகர்ந்தது. எங்களைச் சுற்றி நின்றவர்களுக்கெல்லாம் என் வயதில் பாதிதான். முப்பத்து நான்கு வருடமாகக் கேட்காததை அங்கே வைத்து ஏன் கேட்டேன் என்று எனக்கே தெரியவில்லை.

"அத்தே, அன்னிக்கு நான் பாடாம இருந்திருந்தா?"

"கல்யாணம் ஆயிருக்கும்" என்றாள் யோசிக்காமல். "எனக்கு அந்த பம்பாய்ப் பையனைப் பிடிச்சுத்தான் இருந்தது. போட்டோவை நாலு நாள் ஆபீஸ் பையிலயே வச்சிண்டிருந்தேன்."

இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. "என்னை மன்னிச்சுடு அத்தே" என்று எப்படியோ சொல்லிவிட்டேன். அவள் முகம் சிவந்துவிட்டது.

"எதுக்குடி மன்னிக்கணும்? உன் பாட்டைக் கேட்டு அந்த மாமி சிரிச்சா, மறந்துட்டியா? நிக்காதுன்னு நான் சொன்னேன் பாரு, அதனாலயாக்கும் கல்யாணம் நின்னது. பிடிச்ச பையன்னு தெரிஞ்சும் சொன்னேன். என் ஆயுசுல நான் பண்ணின பெரிய காரியம் அது ஒண்ணுதான். அதையும் நீ பாடினதால நடந்ததுன்னு சொல்லிச் சொல்லி, இத்தனை வருஷமா எங்கிட்டேர்ந்து பிடுங்கி வச்சிண்டிருக்கேளே எல்லாரும்!"

முன்னால் நின்ற பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள். அத்தை அவர்களைப் பார்த்து, "எந்தா, வரி நீங்ஙுணில்லே? நடக்கு பிள்ளேரே!" என்று, வரிசையை நகர்த்தச் சொல்லி மலையாளத்தில் ஒரு அதட்டல் போட்டுவிட்டு, அவர்களையும் தாண்டி வாசலை நோக்கி நடந்தாள்.