செவப்பு பென்சில் அடிச்ச வசனம்

அரசியலக் கிண்டல் பண்ணி நாடகம் போடற தொழில்ல ஒரு சவுகரியம்: விஷயத்துக்கு நாம அலைய வேணாம், மேல இருக்கறவங்களே தெனமும் அனுப்பிடுவாங்க. மேடை ஏறி அவஸ்தப்பட்டவங்களுக்கு மீதி கஷ்டம் தெரியும். பகல்ல நான் ஹார்பர் குடோன்ல மூட்டை எண்ணுற குமாஸ்தா. சாயங்காலமானா ராயபுரத்துல மந்திரி.

ரெண்டு காப்பி

அப்பல்லாம் நாடகம் போடணும்னா முழு வசனத்தையும் ரெண்டு காப்பி எழுதி போலீஸ்ல குடுக்கணும். வேணாங்கறத அடிச்சிட்டு முத்திரை குத்தித் தருவாங்க. எங்களுக்கு வாய்ச்சவரு ஒரு ஏட்டையா. மூஞ்சில ஈ உக்காந்தாக்கூட அசையாத மனுஷன். என்ன எதிர்ல நிக்க வச்சிட்டு, செவப்பு பென்சிலோட ஒரு மத்தியானம் பூரா படிச்சாரு. திருப்பிக் குடுத்தப்ப பக்கமெல்லாம் ஒரே செவப்பு.

"எனக்கு எங்கெங்க சிரிப்பு வந்துச்சோ அங்கெல்லாம் அடிச்சிட்டேன். மீதிய நீ தாராளமா பேசிக்கோ."

ரசிகரு

அடிச்சதப் பேசினா கேஸு. கேஸு வந்தா வேலை காலி. வூட்ல அஞ்சு பேருக்கு என் சம்பளந்தான் சோறு. எங்க குடோன் ஹெட் கிளார்க்கு என் நாடகம் ஒண்ணு விடாம பாக்கறவரு. தனியா கூப்ட்டாரு.

"உன் மந்திரி வேஷம்னா எனக்கு உசிரு நைனா. ஆனா கேஸுன்னு வந்துச்சி, உன்னத் தூக்கற ஆர்டர்ல மொத கையெழுத்து என்னுதுதான். நாடகத்துக்கு மொத வரிசைல எனக்கு ஒரு நாற்காலி போட்டு வையி."

மனு

நாடகத்தன்னிக்கு கதர் ஜிப்பா, துண்டு, மாலையோட பந்தலுக்கு நடந்துகினு இருந்தேன். ஒரு மீன்காரரு வழிமறிச்சி, நாலா மடிச்ச காயிதத்தக் கையில வச்சாரு. பிரிச்சா, நெசமாவே தெருவெளக்கு கேட்டு மனு. அண்ணே, நான் வெறும் வேஷம்னேன்.

"தெரியும்பா. நெச மந்திரியாண்ட குடுத்தா அவரு மூஞ்சக் கூட பாக்கல. நீயாச்சும் படிச்சியே."

மறதி

ஒத்திகைய ஒரு மாசமா கடலோரத்துல, வலை பின்ற எடத்துல வச்சிருந்தோம். அந்த மீன்காரக் குப்பத்துக்கே வசனம் மனப்பாடம். இத நான் யோசிக்கல.

மொத வரிசைல ஹெட் கிளார்க்கு. பக்கத்துல ஏட்டையா, மடியில வசனக் காப்பி, ஒவ்வொரு வரிக்கும் வெரல் வச்சிகினு. அடிச்ச எடம் வந்துச்சி. "கொழா போட்டீங்க, தண்ணி எங்க?"ன்னு கூட நடிக்கிறவன் கேக்கறான். என் பதில அடிச்சாச்சு. பத்து எண்ணிட்டு அடுத்த வரிக்குப் போயிடலாம்னு வாய மூடிக்கினு நின்னேன். மீன் விக்கிற முனியம்மாவுக்கு மனசு தாங்கல, எழுந்துட்டா. "மறந்துட்டியா நைனா? 'கொழா இந்த எலக்சனுக்கு, தண்ணி அடுத்த எலக்சனுக்கு.' அத்த சொல்லு."

சிரிப்புல பந்தலே ஆடிப்போச்சு. அடிச்ச எடம் இன்னொண்ணு வந்து நான் நின்னப்ப பாய் மேல உக்காந்திருந்தவங்க மொத்தப் பேரும் எடுத்துக் குடுத்தாங்க. வேணாம்னு ரெண்டு கையையும் ஆட்டினேன். எனக்குக் காதுல வுழலன்னு நெனச்சி இன்னும் சத்தமா சொன்னாங்க. ஏட்டையா முன்னாடியும் பின்னாடியும் பக்கத்தப் புரட்டிகினே இருந்தாரு. முடிஞ்சதும் முனியம்மா நேரா மேடைக்கு வந்துட்டா.

"ஒரு மாசமா கத்தினியே, ஒரு வரி மண்டைல நிக்கலியா? நாளிக்கு மீன் தலை தரேன், ஆக்கித் துன்னு."

விசாரணை

மறுநாள் காத்தால இன்ஸ்பெக்டர் ரூம்ல நிக்கறேன். அடிச்ச வசனத்த இவன் பேசினானா இல்லியான்னு இன்ஸ்பெக்டர் கேட்டாரு. ஏட்டையா வெறப்பா நின்னு, காப்பியப் பாத்துட்டு சொன்னாரு.

"ஒரு வார்த்த பேசல ஐயா, வாய மூடிக்கினுதான் நின்னாரு. பேசினது குப்பம். அவங்க மேல கேஸு போடறதுன்னா நம்ம வேன் பத்தாது."

வேலையும் போவல, ஊர்ல பேரும் கெடச்சுது. இத்தன வருஷம் தொண்டை கிழிய நடிச்சதுல ஜனங்க இன்னிக்கும் சொல்லிச் சிரிக்கிறது நான் ஒண்ணுமே பேசாத அந்த நாடகத்தத்தான்.