சங்கும் பொறையும் காவல் இருந்த வீடு

மழையில் நனைந்துவிட்டு வீட்டுக்குள் ஓடிவரும் நாய், அடுப்புக்குப் பக்கத்தில் நின்று மூக்கிலிருந்து வால்வரை உடம்பை உதறும்போது ஒரு வாசனை கிளம்பும். ஈரச் சாக்கையும் பழைய சோற்றையும் ஒன்றாகப் போட்டு மூடிவைத்தது போன்ற வாசனை அது. முகம் சுளித்து விலகிப்போகிறவர்கள்தான் அதிகம். எனக்கோ, இன்றைக்கும் எங்காவது அது மூக்கில் பட்டால், வடசென்னைக் காலடிப்பேட்டையில் நாங்கள் குடியிருந்த வரிசை வீடுகளும், மாவுக்கட்டுப் போட்ட காலை நீட்டிக்கொண்டு கட்டிலில் சாய்ந்திருக்கும் அம்மாவும், அவள் கட்டிலின் கீழே ஒன்றன்மேல் ஒன்றாகத் தலைவைத்துத் தூங்கும் இரண்டு நாய்களும் கண்முன்னே வந்துவிடும்.

வெள்ளை நாயின் பெயர் சங்கு. தொழிற்சாலையில் வேலை மாறும் நேரத்துக்குச் 'சங்கு' ஊதினால், அதுவும் எங்கிருந்தாலும் கழுத்தை உயர்த்திக்கொண்டு கூடவே ஊளையிடும். அதனால் வந்த பெயர். பழுப்பு நிறத்தது பொறை. டீக்கடைக் கண்ணாடி பாட்டிலில் உருண்டை உருண்டையாக அடுக்கிவைத்திருப்பார்களே, அந்த வறண்ட பொறை ரொட்டிக்காக அது யார் பின்னாலும் போகும். சங்கைக் குட்டியாக இருந்தபோது அம்மா நெடுஞ்சாலையிலிருந்து தூக்கிவந்தாள். துறைமுகத்துக்குள் நுழைவதற்காக மைல் கணக்கில் வரிசை கட்டி நிற்கும் கன்டெய்னர் லாரிகளில் ஒன்றின் சக்கரத்துக்கு அடியில், நிழல் என்று நினைத்து அது படுத்துக்கிடந்ததாம். பொறை உடம்பெல்லாம் சொறி பிடித்து எங்கள் வாசலில் வந்து விழுந்தது. வேப்பெண்ணெயும் மஞ்சளும் குழைத்து நாள்தோறும் அம்மாதான் அதன் தோலில் தடவினாள். முடி முளைத்த பிறகு அது வேறெங்கும் போகவில்லை.

காவல் நாய்கள் என்று இவற்றைச் சொன்னால் தெருவே சிரிக்கும். தீபாவளி வெடிச்சத்தம் கேட்டால் சங்கு பீரோவுக்குப் பின்னால் நுழைந்துகொண்டு மறுநாள்தான் வெளியே வரும். பொறையோ, பழைய பேப்பர்க்காரர், தண்ணீர் கேன் போடுகிறவர் என்று யார் வந்தாலும் வாலோடு சேர்த்து இடுப்பையும் ஆட்டும். பக்கத்து வீட்டு பேபி அக்கா காலையில் தெருமுனையில் இட்லிக் கடை போட்டுவிட்டுத் திரும்பும்போதெல்லாம் எங்கள் வாசலில் நின்று, "இதுங்க நாயா, நாய் வேசம் போட்ட ஆட்டுக்குட்டியா? திருடன் வந்தா டார்ச் அட்ச்சி வயி காட்டும் போல கீதே!" என்று சிரிப்பார். அம்மாவும் சேர்ந்து சிரிப்பாள். ஆனாலும் தன் தட்டில் சோறு போட்டுக்கொள்வதற்கு முன்னால் அவற்றின் சட்டிகளில் போட்டுவிடுவாள்.

அந்த வரிசையில் இருந்த ஆறு வீடுகளுக்கும் சொந்தக்காரர் ஓர் அண்ணாச்சி. தூத்துக்குடிப் பக்கத்துக்காரர், டோல்கேட் பகுதியில் மளிகை மொத்த வியாபாரம். நல்ல மனிதர்தான், ஆனால் நாய்களைக் கண்டால் ஆகாது. சங்கு ஊளையிடுவதை அபசகுனம் என்று உறுதியாக நம்பினார். ஒருநாள் அப்பாவைக் கூப்பிட்டு, "வீட்டு வாசல்ல நாயி ஊளையிட்டா வெளங்குமா தம்பி? நானும் சொல்லிச் சொல்லிப் பாத்துட்டேன். தை பொறக்கதுக்குள்ள இதுகள எங்கயாவது கொண்டு விட்டுருங்க. இல்லன்னா வேற வீடு பாத்துக்கிடுங்க" என்று சொல்லிவிட்டார்.

அப்பா கன்டெய்னர் யார்டில் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார். நாய்களின் மேல் அவருக்குப் பெரிய வெறுப்பும் இல்லை, ஒட்டுதலும் இல்லை. பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் கிடைத்த வீட்டை நாய்களுக்காக விடுவதா என்பதுதான் அவர் கேள்வி. கூட வேலை பார்க்கும் லாரிக்காரர் ஒருவரிடம் சொல்லி, வருகிற ஞாயிற்றுக்கிழமை இரண்டையும் மீஞ்சூருக்கு அப்பால் கொண்டுபோய் விட்டுவருவதாக ஏற்பாடு செய்துவிட்டார். "அங்க வயலு கீது, ஏரி கீது. ராஜா மாதிரி திரியும்" என்று எனக்குச் சமாதானம் சொன்னார். அம்மா அப்போது சண்டை போடுகிற நிலைமையில் இல்லை. பாசி பிடித்த படியில் வழுக்கி விழுந்து, கணுக்காலுக்கு மேல் எலும்பில் விரிசல் விட்டு, முழங்கால்வரை மாவுக்கட்டுப் போட்டிருந்தார்கள். கட்டிலிலிருந்து இறங்கவே என் தோளைப் பிடிக்க வேண்டும்.

அது அடைமழைக் காலம். எங்கள் தெருவில் கழிவுநீர்க் குழாய் பதிப்பதற்காக மார்பளவு ஆழக் குழிகள் தோண்டியிருந்தார்கள். மழை வலுத்ததும் வேலை அப்படியே நின்றுபோனது. குழிகளைச் சுற்றிக் கட்டியிருந்த கயிறும் அறுந்து, தண்ணீர் தெருமட்டத்துக்கு மேல் ஏறி, குழி எது தரை எது என்று தெரியாமல் கிடந்தது. அந்த வேலை நடந்த நாட்களில் ஒருவர், முழுக்கைச் சட்டையும் காதில் பென்சிலுமாக, குழி ஓரத்தில் நின்று எட்டிப்பார்ப்பதும் டீக்கடையில் உட்காருவதுமாக இருந்தார். தெருக்காரர்களான நாங்கள் அவரை 'மேஸ்திரி' என்றே கூப்பிட்டோம். குழி தோண்டியவர்களோ அவரை எங்கள் தெருக்காரர் என்று நினைத்திருக்கிறார்கள். இது பின்னால்தான் தெரிந்தது. தினமும் டீக்கடையில் பொறை வாங்கிச் சங்குக்கு ஒன்று, பொறைக்கு ஒன்று என்று போடுவார். இரண்டும் அவரைக் கண்டால் தெருக்கோடியிலிருந்து ஓடும். "எவ்ளோ நல்ல மன்சன் பாரு" என்று பேபி அக்காகூடச் சொன்னார்.

மழைக்காகப் பள்ளிக்கூடம் விடுமுறை விட்டிருந்த ஒரு முற்பகல். அப்பா வேலைக்குப் போய்விட்டார். ஓட்டுக் கூரையில் மழை கொட்டுகிற சத்தத்தில் பக்கத்தில் பேசுவதே சரியாகக் கேட்கவில்லை. நான் அம்மாவுக்குத் தலைவாரிவிட்டுக்கொண்டிருந்தேன். கதவு தட்டும் சத்தம் கேட்டுத் திறந்தால், தலையில் பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்துக்கொண்டு மேஸ்திரி நின்றார். நாய்கள் இரண்டும் அவர் கையைப் பார்த்துக்கொண்டே காலைச் சுற்றின.

"வூட்டுக்கார அண்ணாச்சி அனுப்ச்சாருமா. மெயின் சுவிட்ச்சுல தண்ணி எறங்குதாம், எல்லா வூட்லயும் பாத்துகினு வர்றேன். ஷாக் கீக் அட்ச்சுடப் போவுது" என்றார்.

அம்மா கட்டிலில் இருந்தபடியே, "உள்ள வாங்கண்ணா" என்றாள். அவர் சட்டைப் பையிலிருந்து பொறையை எடுத்து நீட்டி நாய்களையும் கூடவே உள்ளே அழைத்துவந்தார். அவை வாசலில் நின்று குரைத்து யாரையும் கூப்பிட்டுவிடக் கூடாது என்று நினைத்திருக்க வேண்டும். மூலையில் ஆளுக்கொன்றாகப் போட்டார். அவை கடிக்கத் தொடங்கியதும், திரும்பிக் கதவின் தாழ்ப்பாளைப் போட்டார்.

அம்மாவின் முகம் மாறியதை நான் பார்த்தேன். "தாப்பா எதுக்குண்ணா?" என்று அவள் கேட்டு முடிப்பதற்குள், அவன் கட்டிலுக்குப் பக்கத்தில் போய்விட்டான். கையில் நீளமான ஸ்குரூ டிரைவர். அதன் முனையை அம்மாவின் கழுத்தில் வைத்து, மற்றொரு கையால் தாலிச் சங்கிலியைப் பிடித்தான். "சவுண்டு வுட்டே, எறக்கிடுவேன். ஏ பாப்பா, நீ அப்டியே நில்லு" என்றான்.

நான் நின்றேன். சீப்பு என் கையில் இருந்தது. என் கண் நாய்களிடம் போனது. அவை மூலையில் உட்கார்ந்து, அவன் போட்ட பொறையை 'கறுக் கறுக்' என்று தின்றுகொண்டிருந்தன. இதுகளுக்காகவா இத்தனை நாள் சோறு வைத்தோம் என்று எனக்கு வந்த ஆத்திரமும் அழுகையும் இன்னும் நினைவிருக்கிறது.

அவன் சங்கிலியைச் சுண்டி இழுத்தான். அது அறவில்லை; அம்மாவின் தலை முன்னால் இழுபட்டு, கட்டுப்போட்ட கால் கட்டிலின் விளிம்பில் மோதியது. வலியில் அவள் வாயிலிருந்து "ஆ" என்று ஒரு சின்னச் சத்தம் வந்தது. மழையில் எனக்கே அது பாதிதான் கேட்டது.

பொறை தின்பதை நிறுத்தியது. பாதி கடித்தது அதன் வாயிலிருந்து தரையில் விழுந்தது. அந்த நாய் உறுமி நான் அதுவரை கேட்டதே இல்லை. அடிவயிற்றிலிருந்து, லாரி கிளம்புவது போல ஒரு சத்தம் வந்தது. அவன் திரும்பிப் பார்த்து, "த்தோ, த்தோ... இந்தா" என்று பழகின குரலில் சட்டைப் பைக்குள் கையைவிட்டான். அதற்குள் சங்கு பாய்ந்துவிட்டது. வெடிச்சத்தத்துக்குப் பீரோவின் பின்னால் ஒளியும் அந்தச் சங்கு, கட்டிலைத் தாண்டி எகிறி, ஸ்குரூ டிரைவர் பிடித்த கையின் மணிக்கட்டைக் கவ்வியது. பொறை அவன் கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டு தலையை இரண்டு பக்கமும் உலுக்கியது.

அவன் அலறினான். ஆயுதத்தை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டான். சங்கின் தோளில் அவன் குத்தியதையும், வெள்ளை முடியில் சிவப்பு பரவியதையும் பார்த்தேன். சங்கு விடவில்லை. அம்மா கட்டிலில் சாய்த்துவைத்திருந்த ஊன்றுகோலை எடுத்து, உட்கார்ந்தபடியே அவன் முழங்கையில் ஓங்கி ஒன்று போட்டாள். ஸ்குரூ டிரைவர் தரையில் உருண்டது. "அம்மு, தாப்பாளத் தொற!" என்று அவள் கத்தியபோதுதான் என் கால்கள் எனக்குத் திரும்பக் கிடைத்தன. மழை ஈரத்தில் இறுகியிருந்த தாழ்ப்பாளை இரண்டு கையாலும் இழுத்துத் திறந்து, "திருடன்! திருடன்!" என்று தெருவைப் பார்த்துக் கூவினேன்.

என்னை இடித்துத் தள்ளிவிட்டு அவன் வெளியே ஓடினான். சங்கிலி அம்மாவின் கழுத்திலேயே கிடந்தது. கணுக்கால் தண்ணீரில், இரண்டு நாய்களும் துரத்த, பின்னால் பார்த்துக்கொண்டே ஓடியவன், தெருமுனைக்குக் கொஞ்சம் முன்னால் சட்டென்று காணாமல் போனான். அத்தனை நாள் அவனே ஓரத்தில் நின்று எட்டிப்பார்த்துக்கொண்டிருந்த குழிக்குள், கழுத்துவரை சேற்றுத் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தான்! ஏறுவதற்கு எந்தப் பக்கம் கைவைத்தாலும் அந்தப் பக்கம் ஒரு நாய் பல்லைக் காட்டியது. சங்கு தோளில் ரத்தம் வடிய நின்று, கழுத்தை உயர்த்தி ஊளையிட்டது. தொழிற்சாலையில் ஊதாமலே எங்கள் தெருவில் அன்று சங்கு ஊதியது.

மழையைப் பொருட்படுத்தாமல் எல்லா வீட்டுக் கதவுகளும் திறந்தன. பேபி அக்கா சாம்பார்க் கரண்டியோடு ஓடிவந்து, ஆளை அடையாளம் தெரிந்ததும், "அடப்பாவி, மேஸ்திரியா நீ? உன்னப் போயி நல்ல மன்சன்னேனே!" என்று கரண்டியாலேயே மண்டையில் ஒன்று வைத்தார். போலீஸ் வந்து தூக்கும்வரை நாய்கள் குழியைவிட்டு நகரவில்லை. கொருக்குப்பேட்டையிலும் இதே போல நாய்களைப் பழக்கிவைத்து ஒரு வீட்டில் புகுந்தவனாம். "அங்க எந்த நாயும் இவன ஒண்ணும் பண்ணலியாம். இங்கதான் சார் மாட்டிக்கிட்டாரு" என்று சொல்லி, வந்த போலீஸ்காரர்களில் ஒருவர் பொறையின் தலையைத் தடவிக்கொடுத்தார். அது வழக்கம்போல அவருக்கும் இடுப்போடு வாலை ஆட்டியது.

செய்தி கேட்டு அப்பா தொப்பலாக நனைந்து ஓடிவந்தார். முதலில் அம்மாவைத் தொட்டுப் பார்த்தார், பிறகு என்னை. அதன் பிறகு ஒரு வார்த்தை பேசாமல், சங்கைத் தன் துண்டில் சுற்றிக் குழந்தையைப் போலத் தோளில் போட்டுக்கொண்டு மாட்டாஸ்பத்திரிக்கு நடந்தார். தையல் போட்டுத் திரும்பியதும் போனை எடுத்து லாரிக்காரரைக் கூப்பிட்டார். "ஞாயித்துக்கெயம வண்டி வாணாம் மாமு... இல்ல, எப்பவும் வாணாம்" என்றார். அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். அடிபட்டபோது அழாதவள் அப்போதுதான் அழுதாள்.

அன்று சாயங்காலம் அண்ணாச்சி குடையோடு வந்தார். வீட்டைக் காலிசெய்யச் சொல்லத்தான் வருகிறார் என்று நினைத்தோம். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, கட்டிலின் கீழே படுத்திருந்த சங்கின் தோள் கட்டைக் குனிந்து வெகுநேரம் பார்த்தார். "வலிக்கும்லா தாயி?" என்று அம்மாவிடம் கேட்டார். அம்மா தலையாட்டினாள். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "நா அன்னைக்கி சொன்னத மனசுல வச்சுக்கிடாதிய. இதுக இங்கனயே கெடக்கட்டும். ஊளையிட்டா இட்டுட்டுப் போவுது" என்றார். மறுநாளிலிருந்து கடைப் பையன் வழியாக எலும்பும் கறிச்சவ்வும் வரத் தொடங்கின. தெருவில் யார் வீட்டில் விசேஷம் என்றாலும் முதல் இலைக்கு முன்னால் இரண்டு தட்டு எங்கள் வாசலுக்கு வந்தது. பொறை அடுத்த தைக்குள் உருண்டு திரண்டு, ஓடவே முடியாமல் ஆகிவிட்டது.

இரண்டும் நிறைந்த வயது வாழ்ந்தே போயின. சங்கு போனபோது அண்ணாச்சி எங்கள் வரிசையை ஒட்டியிருந்த தன் கிடங்கின் பின்புறம் இடம் கொடுத்தார். பொறையையும் பிறகு அதன் பக்கத்திலேயே வைத்தோம். இப்போது அந்தக் கிடங்கும் இல்லை, ஓட்டு வீடுகளும் இல்லை. அண்ணாச்சியின் பிள்ளைகள் இடத்தை விற்றுவிட்டார்கள்; அதில் வாகன நிறுத்தத்தோடு நான்கு மாடி எழும்பியிருக்கிறது. போன மாதம் அந்த வழியாக அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். வாசலில் கேமரா, சீருடைக் காவலாளி, பார்வையாளர் பெயரைக் கேட்கும் கூண்டு. அம்மா கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, "எவ்ளோ காவலு!" என்றாள்.

நாங்கள் இப்போது இருக்கும் குடியிருப்பும் அப்படித்தான். எதிர்வீட்டில் இருப்பவர்கள் யாரென்று எனக்குத் தெரியாது. மணி அடித்தால் திரையில் முகம் பார்த்துத்தான் திறக்கிறோம். காலடிப்பேட்டையில் அன்று கொட்டும் மழையில் அந்தக் குழியைச் சுற்றி நூறு பேராவது கூடியிருப்பார்கள். அவ்வளவு பேரில் எங்களுக்குப் பெயர் தெரியாதவன் ஒரே ஒருவன்தான். அவன் குழிக்குள் இருந்தான்.